சுவர் எடுத்த ஆலாத்தி

எனக்கு வாய் நீளம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். அந்த வாய்தான் என்னை லப்பைக்குடிகாட்டில் ஒரு வீட்டு அறைக்குள் மூன்று வாரம் உட்கார வைத்தது. "இதென்னக்கா பெரிய விஷயம், நாலு சுவருக்கும் பூப் போட்டுத் தந்துடுறேன்" என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் நான் போட்ட பூ எதுவும் தலையணை உறையின் அகலத்தைத் தாண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. அரியலூரில் அம்மாவோடு இருந்தேன். ஓவியப் பரீட்சை இரண்டையும் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டு, ட்ராயிங் டீச்சர் வேலைக்கு இண்டர்வியூ கார்டு வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவர் பக்கத்து வீட்டில் நின்றுவிட்டால், பாவம், அவர் மேல் கோபம் கோபமாக வரும். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தெருப் பெண்களுக்கு எம்பிராய்டரி டிசைன் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கார்பன் தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனியெல்லாம் எப்போதும் நீலமாக இருக்கும்.

அக்கா என்று நான் சொல்வது கூடப் பிறந்தவளை இல்லை. எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைவிட நாலு வயது மூத்தவள். அவளுக்குப் பாவாடை சின்னதானால் எனக்கு வரும், எங்கள் வீட்டில் அதிரசம் சுட்டால் அவளுக்குப் போகும். அப்படி வளர்ந்தோம். அவளை லப்பைக்குடிகாட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை கல்யாணமான நாலாம் மாசமே சபர் கிளம்பிவிட்டார். கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிப்பதை அவர்கள் வீட்டில் சபர் என்றுதான் சொல்வார்கள்.

அவளுடைய அம்மா வீட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. கல்யாணத்தோடு அதுவும் அவளுடன் போய்விட்டது. சின்ன வயசில் எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் விளையாட்டு. கனமான மூடியைத் தூக்கி, உள்ளே துணிமணி மேல் கன்னத்தை வைத்துப் படுத்து, மூடியை மெல்லத் தலைக்கு மேல் சாய்த்துக்கொள்வோம். மூடியின் உள்பக்கம் முழுக்க ஒரு பழைய துணி ஒட்டியிருந்தது. கருஞ்சிவப்பில் கொடி, கொடி நெடுக மஞ்சள் பூ, பூவுக்குப் பூ ஒரு கிளி. இடுக்கு வழியாக ஒரு கீற்று வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் பூ ஒன்று எரியும், மற்றதெல்லாம் தூங்கும். அத்தர் வாசனையும் மிளகு வாசனையும் கலந்து அடிக்கும். வெளியே அம்மாக்கள் தேடிக் கத்துவது எங்கேயோ ஆற்றுக்கு அக்கரையில் கேட்பது போல இருக்கும். எத்தனையோ நாள் அப்படியே கண் அசந்திருக்கிறேன்.

ஒரு நாள் அக்கா அரியலூருக்கு வந்திருந்தவள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கையில் ஒரு கேசட். கடுதாசி எழுதச் சோம்பேறித்தனம் வந்து, அவள் வீட்டுக்காரர் அப்போதெல்லாம் பேசிப் பதிவு பண்ணித்தான் அனுப்புவார். எனக்குப் போட்டுக் காட்டவில்லை, சும்மா கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"போன லீவுல வந்தாருல்ல, அறுபது நாளு" என்றாள். "அறுபது நாளும் மொட்டை மாடியிலதான்டி படுத்தாரு. உள்ள படுத்தா, கண்ணு முழிக்கிறப்ப வெள்ளைச் சுவரு தெரியுதாம். அங்க கேம்ப்புலயும் அதே வெள்ளைச் சுவருதானே. பட்டுன்னு எந்திரிச்சு, 'வண்டி வந்துடுச்சா, வண்டி வந்துடுச்சா'ன்னு செருப்பைத் தேடுவாரு. வேலைக்கு ஏத்திட்டுப் போற வண்டி. நம்ம வூடுன்னு புரியறதுக்குள்ள வேர்த்து ஊத்திடும். பகல்ல கண் அசந்தாலும் இதே கூத்துதான்."

நான் கார்பன் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஒரு அரபி வூட்டுக்கு ரிப்பேர் வேலைக்குப் போனாராம். அங்க சுவரு பூரா காயிதத்துல பூ ஒட்டியிருந்துச்சாம். தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்னு சொல்றாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்டி. அவரு கண்ணு முழிக்கிறப்ப, இது நம்ம வூடுன்னு தெரியணும். நம்ம பெட்டித் துணி மாதிரி அந்த ரூமு இருந்துச்சுன்னா..."

அங்கேதான் நான் வாயை விட்டேன்.

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் என்ன என்று அந்த வீட்டு அறையின் நடுவில் நின்றபோது புரிந்தது. அம்மாடி, எவ்வளவு சுவர்! திருச்சியில் ஒரு அச்சாபீஸில் மிஞ்சிப்போன ரீல் காகிதத்தை உருளையோடு வாங்கி வந்தோம். சேலைக்குப் போடுவது போல அதற்குக் கஞ்சி போட்டு, காயவைத்து, சுவர் உயரத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டினேன். பெட்டியின் மூடியை நாள் முழுக்கத் திறந்தே வைத்துக்கொண்டு, அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

அந்தத் துணியைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கோடாலிக்கருப்பூர்ப் பக்கம் ராஜா காலத்தில் நெய்து, மெழுகு தடவி, கையாலேயே எழுதின துணி என்று புடவை வியாபாரி ஒருவர் சொன்னாராம். உண்மையோ கதையோ, எனக்குத் தெரியாது. ஆனால் எழுதின கை எனக்குத் தெரிந்தது. கொடி வளையும் இடத்தில் அந்தக் கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தயங்கியிருக்கிறது, அங்கே மட்டும் கோடு ஒரு பொட்டு தடிமன். அதே இடத்தில் நானும் தயங்கிப் பார்த்தேன். கொடி தானாக வளைந்து கொடுத்தது.

ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குக் கொடி தொடர வேண்டுமே, அதுதான் கஷ்டம். அதற்குச் சிக்குக் கோலம் உதவியது. கோலத்தில் கோடு எங்கே போனாலும் கடைசியில் வந்து சேர்ந்தாக வேண்டும். ஒரு மூங்கில் குச்சியில் குறி போட்டு, எல்லாப் பட்டைக்கும் இரண்டு ஓரத்திலும் ஒரே உயரத்தில் புள்ளி வைத்தேன். கொடி அந்தப் புள்ளியில் வெளியே போகும், அடுத்த பட்டையில் அதே புள்ளியில் உள்ளே வரும். மேல் விளிம்புக்குத் தேரில் தொங்கும் தொம்பையின் ஓரம். துணியைப் பல் பல்லாக வெட்டித் தைத்திருப்பார்களே, அதே சிவப்பு, வெள்ளை, கறுப்பு முக்கோணம்.

மூன்று நாளாகக் கிளி போட்டேன். நாலாம் நாள் அக்கா வந்து பார்த்துவிட்டுத் தயங்கினாள். "கிளி வேணாம்டி. தொழுவுற வூடு. உசிருள்ளது சுவத்துல இருக்கக் கூடாது."

"பெட்டியில இருக்கே?"

"பெட்டிக்குள்ள இருக்கறது பெட்டிக்குள்ள இருந்துட்டுப் போவுது."

எனக்கு வந்ததே கோபம்! தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? கோபம் ஆறின பிறகு வந்து, ஒவ்வொரு கிளியின் இறகையும் இலையாக மடக்கினேன். அதனால்தான் அந்தச் சுவரில் சில இலைகளுக்கு மட்டும் மூக்கு வளைந்திருக்கும். உற்றுப் பார்த்தால் கிளி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். அக்கா உற்றுப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

அந்த நாட்கள் இப்போது நினைத்தாலும் பாதி கனவுதான். வரைந்த பட்டைகளைக் கூடத்தில் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போடுவோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதற்குக் கீழேயே படுத்துவிடுவேன். வெள்ளாற்றுப் பக்கமிருந்து காற்று வரும்போது பட்டைகள் மெல்ல மூச்சு விடும். பூவெல்லாம் தலைக்கு மேல் போகும், வரும். கண்ணை மூடினால் கொடி என் விரலிலிருந்து கிளம்பி, வாசல் தாண்டி, ஆற்று மணலில் ஓடி, அரியலூரில் எங்கள் வீட்டுக் கிணற்றடி வரை போகும். விழித்துப் பார்த்தால் பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கார்டு வரவில்லை என்ற நினைப்பே அந்த மூன்று வாரமும் வரவில்லை.

அந்த வீட்டில் ஒரு ஆடு. போன லீவில் மாப்பிள்ளை சந்தையில் குட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தது. தண்ணீர் வைக்கக் கொஞ்சம் பிந்தினால் மாமியார் கணக்காகக் கத்தும். கஞ்சி வாசனைக்கு ஒரு நாள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்து, முக்கால் பட்டையை, என் உயிரைக் கொடுத்து வரைந்த கொடியை, நின்று நிதானமாகத் தின்றுவிட்டது. "உனக்குத் தின்ன வேற ஒண்ணும் கிடைக்கலையா, தின்னு, நல்லாத் தின்னு" என்று திட்டினேன். அது என் முந்தானையையும் மோந்து பார்த்தது.

பூக்களுக்கு வைத்திருந்த மஞ்சள் வண்ணப் பவுடர் பாதி வேலையில் தீர்ந்துபோனது. இன்னொரு தடவை திருச்சி போய் வர அலுப்பு. மறுபடியும் வாய்தான். "அந்தக் காலத்துல கடையிலயா வாங்கினாங்க? வூட்டுல மஞ்சள் இல்லையா?" என்றேன். கிழங்கு மஞ்சளை அரைத்து, வடிகட்டி, ஒட்டிப் பிடிக்க வஜ்ஜிரப் பசை கரைத்துச் சேர்த்துத் தீட்டினேன். கடை மஞ்சள் பக்கத்தில் நிற்க முடியாது. அப்படி ஒரு பொலிவு! எனக்குத் தலைகால் புரியவில்லை. கடை மஞ்சள் வைத்த பூ மேலேயும் இன்னொரு கை இதையே தீட்டினேன்.

அவர் வருவதற்கு ஆறு நாள் இருக்கும்போது ஒட்டினோம். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் செய்வது போல மைதாப் பசையில் பூச்சி வராமல் மயில்துத்தம் கலந்து, மேஜை மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் நான். கீழே அக்கா பட்டையைப் பிடித்துக்கொண்டு, "இடது பக்கம்டி, இன்னும் கொஞ்சம், ஆங், பூட்டிக்கிச்சு" என்றாள். புள்ளியும் புள்ளியும் சேரும்போதெல்லாம் இரண்டு பேரும் கை தட்டினோம். பொழுது சாய்வதற்குள் நாலு சுவரும் முடிந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றோம். பெட்டிக்குள் நிற்கிறோம் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

விடிந்ததும் அக்கா வந்து எழுப்பினாள். "வந்து பாருடி" என்றாள்.

ஒரு மஞ்சள் பூ இல்லை. அத்தனையும் சிவந்து கிடந்தது. சில பூ ரத்தச் சிவப்பு, சில பூ செங்கல் நிறம், சிலது பாதி மட்டும்.

ஐயோ, என் புத்தியை எதால் அடிப்பது! மாப்பிள்ளை வருகிறார் என்று போன வாரம்தான் அந்தச் சுவருக்கு இரண்டு தடவை புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது, போதும் என்று நினைத்தேன். பசையின் ஈரத்தில் சுண்ணாம்பு ஊறி மஞ்சளோடு சேர்ந்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? எங்கள் தெருவில் எத்தனை மாப்பிள்ளைக்கு, எத்தனை பிள்ளைத்தாய்ச்சிக்கு நானே தாம்பாளத்தில் ஆரத்தி கரைத்திருக்கிறேன்! தாம்பாளத்தில் தெரிந்தது சுவரில் தெரியாமல் போயிற்று.

எலுமிச்சம்பழம் தேய்த்தால் மஞ்சள் திரும்பும் என்று ஞாபகம் வந்தது. வீட்டிலிருந்த பழத்தையெல்லாம் பிழிந்து, துணியில் நனைத்து ஒற்றினேன். பூ மஞ்சளானது. எனக்கு உயிர் வந்தது. மத்தியானத்துக்குள் மறுபடி சிவந்தது, போதாததுக்குத் திட்டுத் திட்டாக. பசை டப்பாவை ஓங்கி ஒரு உதை விட்டேன். அது உருண்டு போய்க் கதவில் மோதியது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். கெட்டிக்காரி என்று பெயர் எடுக்க வந்து, ஒருத்தி போன லீவிலிருந்து காத்திருந்த ஒன்றைக் கெடுத்துவிட்டேனே என்று அழுதேன்.

அக்கா என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"எங்க கல்யாணத்துல ஆலாத்தின்னு எடுப்போமேடி, உங்க ஆரத்தி மாதிரி. தட்டுலதான் கரைப்பாங்க. நீ வூட்டுக்கே கரைச்சுட்டே! சபர் முடிஞ்சு வர்றவருக்கு வூடே ஆலாத்தி எடுக்கட்டும், விடு."

நானும் சிரித்தேன், மூக்கைச் சிந்திக்கொண்டே. ஆனால் சிரித்து முடித்தபின் அவள் முகம் மாறியது. ஒரு பூவைத் தொட்டு, விரலைப் பார்த்துக்கொண்டு, "இவ்வளவு சிவப்பு... தூக்கம் வருமாடி?" என்று கேட்டாள்.

நான் அரியலூருக்குத் திரும்பிவிட்டேன். நடந்ததைச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆரத்தி கரைக்கத் தெரிஞ்ச கழுதைதானே நீ?" என்றாள். அவர் வந்து நாலாம் நாள், தூரிகைகளை அந்த அறை அலமாரியில் விட்டுவிட்டு வந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெரம்பலூரில் மாறும்போது, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து, விருந்தாளிகள் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். அக்கா கூடத்தில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"மூணு நாளா மொட்டை மாடிதான்" என்றாள் மெதுவாக. "அந்த ரூமுக்குள்ள போனாரு, சுத்திச் சுத்திப் பார்த்தாரு, பாயை எடுத்துக்கிட்டு மேல போயிட்டாரு. இன்னைக்கு மாடியில கால் வைக்க முடியாத வெயிலு. வேற வழியில்லாம உள்ள போய்ச் சாஞ்சாரு. இப்பத்தான் மூச்சு சீரா வருது."

அறைக் கதவுக்குத் திரை போட்டிருந்தது. அதன் ஓரமாகச் சுவரில் ஒரு சாண் தெரிந்தது. நான் போனபோது இருந்த சிவப்பு இல்லை, கொஞ்சம் தணிந்து, வெற்றிலை போட்ட உதடு போல இருந்தது. மூக்கு வளைந்த இலை ஒன்றும் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தூங்கட்டும் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. விழிப்பதற்குத்தான் காத்திருந்தோம். வண்டி வந்துடுச்சா என்ற சத்தம் இப்போது வருமோ, இப்போது வருமோ என்று.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் முற்றத்துத் தூணைத் தாண்டி நகர்ந்தது. கொல்லையில் ஆடு கத்த ஆரம்பித்தது. சனியனே, இப்பத்தானா என்று நான் எழுந்திருக்கப் போனேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மூச்சின் சத்தம் நின்றது. அக்காவின் நகம் என் கையில் பதிந்தது.

கட்டில் இன்னொரு தடவை கிறீச்சிட்டது. புரண்டு படுக்கிறார். அப்புறம் தூக்கம் கலையாத, கரகரத்த, அவசரமே இல்லாத குரல் வந்தது.

"புள்ள... ஏன் ஆடு கத்துது? தண்ணி வைக்கலையா?"

"வைக்கிறேங்க" என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. "வச்சாச்சு மச்சான், நீங்க தூங்குங்க" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அது பொய். இரண்டு பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினோம். ஆடு தண்ணீர் குடித்து முடிக்கிற வரை, அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.